எதெல்வினாவைப் பொம்மையாக்கிய வருஷம்

ஆற்றின் மேல் பாலம் வராத காலம் அது. பஹியா என்ற கரையோர ஊரிலிருந்து எதிர்க்கரையில் இருக்கும் சான் விசென்தேக்குப் போக வேண்டுமானால் படகுதான். அந்தப் படகுத்துறையில் சீட்டுக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் எதெல்வினா. கறுப்புப் பாவாடை, கறுப்புச் சட்டை. சட்டைக் கையில் எந்நேரமும் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருக்கும். படகு போய்த் திரும்புவதற்குள் மடியிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்துத் தைக்க ஆரம்பித்துவிடுவாள். பார்த்தால் அது ஒரு சாண் கால்சட்டையாக இருக்கும். இல்லையென்றால் கட்டைவிரல் மட்டுமே நுழையக்கூடிய ஒரு கோட்டின் கையாக இருக்கும்.

பொம்மை செய்வது அவளுக்குப் பிழைப்பு இல்லை. ஒன்றைக்கூட விற்றதில்லை. யாராவது விலை கேட்டால், "விக்கிறதுக்குன்னு செஞ்சா அவசரமாச் செய்யணும். எனக்கு எதுக்கு அவசரம்?" என்பாள். துணியை வெட்டி, மறுபக்கமாகத் தைத்துத் திருப்பி, இலவம்பஞ்சைக் குச்சியால் குத்திக் குத்தி விரல்நுனி வரைக்கும் அடைப்பாள். கண்ணும் வாயும் நூலில், முடிக்குப் பிரித்த சணல். இதெல்லாம் அவளுக்குக் கைப்பழக்கம்தான். ஆசையெல்லாம் உடுப்பில். படகோட்டி பொம்மைக்குச் சட்டைப்பை வைத்தால் அது நிஜமான பை. உள்ளே அவர் வைத்திருப்பது போலவே ஒரு சீப்பு. பொத்தானைக் கழற்றி மாட்டலாம், காஜா அவ்வளவு சுத்தம். பாதிரியார் பொம்மையின் அங்கிக்கு அடியில், யாரும் தூக்கிப் பார்க்கப்போகாத இடத்தில், மடிப்புக் கலையாத உள்சட்டை ஒன்று இருந்தது. இப்படி ஊர்க்காரர்கள் எல்லாரையும் ஒரு கண்ணாடி அலமாரியில் நிறுத்தி வைத்திருந்தாள். ரொட்டிக்கடைக்காரர் பொம்மைக்குப் பக்கத்தில், அவரோடு சண்டை போடாத ஆளாகப் பார்த்துத்தான் நிறுத்துவாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நர்சிசா வீட்டுக்குப் போய்விடுவாள். இரண்டு வீடு தள்ளி. நர்சிசாவின் புருஷன் சூரைமீன் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதிநாள் கடலில். அவளுக்கு எதெல்வினாவைவிடப் பத்து வயசு குறைவு. ஊசி பிடிக்கவே எதெல்வினாவிடம்தான் கற்றுக்கொண்டாள். மகள் யாதிராவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது எதெல்வினாதான் ஞானத்தாயாக நின்றாள். பின்கட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து, அவித்த வாழைக்காயில் வேர்க்கடலைப் பொடியைத் தொட்டுத் தின்றுகொண்டு, சாயங்காலம் வரை தைப்பார்கள். வாய் சும்மா இருக்குமா? தைக்கிறபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அதனால் சொல்லக்கூடாததெல்லாம் சுலபமாக வெளியே வரும். நர்சிசா தன்னைப் பற்றி ஒன்று சொல்லியிருந்தாள். புருஷனுக்குத் தெரிந்தால் குடும்பம் நிற்காது, அப்படி ஒன்று. அதைச் சொன்னபோது அவள் கையிலிருந்த நூல் மூன்றுமுறை அறுந்தது. எதெல்வினா ஊசியை வாங்கித் திரும்பத் திரும்பக் கோத்துக் கொடுத்தாள்.

ஊருக்கு எதெல்வினா விதவை. கடலிலிருந்து உள்ளே தள்ளி, சோனே என்ற ஊரில் கல்யாணமாகி, சில மாதத்திலேயே புருஷன் உபால்தோ லாரி கவிழ்ந்து செத்துவிட்டான் என்று, முதல்முதலாக பஹியாவுக்கு வந்து இறங்கியபோது அவள் சொன்னாள். யாரும் சந்தேகப்படவில்லை. கல்யாணமாகாமல் தனியாக வந்த பெண்ணுக்கு அந்த ஊரில் வாடகைக்கு அறை கிடைத்திருக்காது. விதவை என்றால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். கோயிலில் விதவையர் சபை ஒன்று உண்டு. கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏந்தி முதல் வரிசையில் போவது அவர்கள்தான். அந்த வரிசையில் எதெல்வினாவுக்கு இருபது வருஷத்துக்கும் மேலாக ஓர் இடம்.

உபால்தோ சாகவில்லை. கல்யாணமே நடக்கவில்லை. தானே தைத்த வெள்ளை உடுப்பில் அவள் கோயில் வாசலில் நின்றிருந்த காலையில், அவன் மாடு ஏற்றிப்போன ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு ஊரை விட்டே போய்விட்டான். இதை அவள் நர்சிசாவிடம் சொன்னது இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, ஒரு மழைக்காலம் விட்ட பிறகு. யாதிராவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மணப்பெண் உடுப்பை ஞானத்தாய்தான் தைக்க வேண்டும் என்று அந்தப் பெண் பிடிவாதமாக இருந்தாள். வெள்ளைத் துணியை மேஜையில் விரித்துக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்த எதெல்வினாவால் வெட்ட முடியவில்லை.

"என்னக்கா, மயக்கமா வருதா?" என்றாள் நர்சிசா.

அப்போதுதான் சொன்னாள். நர்சிசா அழுதேவிட்டாள். அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளில் அந்தப் பழைய உடுப்பைப் பற்றி நர்சிசாவாகவே கேட்பாள். "கழுத்து எப்படி வச்சிருந்தீங்கக்கா?" "கைக்குக் கொசுவம் வச்சீங்களா, சப்பையா விட்டீங்களா?" எதெல்வினா ஒவ்வொன்றாகச் சொன்னாள். மணிக்கட்டில் துணி சுற்றிய குட்டிப் பொத்தான் வரிசை. இடுப்பில் இடப்பக்கமாக ஒரு துணிப் பூ, அதில் ஒரு இதழ் கோணல், பிரித்துத் தைக்க நேரம் இல்லாமல் அப்படியே விட்டது. இத்தனை வருஷம் கழித்து அந்த உடுப்பைப் பற்றி யாரோ ஒருத்தி அக்கறையாகக் கேட்கிறாளே என்று அவளுக்கு மனம் லேசாகிவிட்டது. யாதிராவின் துணியையும் வெட்டித் தைக்க ஆரம்பித்தாள்.

இனி அதே வருஷத்து டிசம்பர் மாதத்துக்கு வருவோம். அந்தக் கடற்கரை ஊர்களில் வருஷத்தின் கடைசி நாளன்று தெருவுக்குத் தெரு ஆளுயரப் பொம்மை ஒன்றைச் செய்து நாற்காலியில் உட்கார வைப்பார்கள். முடிந்துபோகிற வருஷம்தான் அந்தப் பொம்மை. வருஷக் கிழவன் என்று பேர். வருஷம் பிறக்கும் நேரத்தில் கொளுத்திவிடுவார்கள். வெறும் கிழவனை யார் வந்து பார்ப்பார்கள்? அதனால் அந்த வருஷம் ஊர்வாயில் விழுந்த யாருடைய சாயலாவது அதற்கு வந்துவிடும். மற்றத் தெருக்காரர்கள் கிழிந்த சட்டைக்குள் மரத்தூளை அடைத்து முகமூடியை மாட்டிவிடுவார்கள். எதெல்வினாவின் தெருப் பொம்மைக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த உடுப்பு.

"இவ்ளோ கஷ்டப்பட்டுத் தச்சு எரிக்கக் குடுக்கிறீங்களே, ஞானம்மா," என்று யாதிரா சின்ன வயசில் கேட்டிருக்கிறாள்.

"எரியறப்போ பாரு. காலர் கடைசி வரைக்கும் விறைப்பா நிக்கும்," என்றாள் எதெல்வினா. அதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

தெருக் கமிட்டிக்குத் தலைவர் எலியோதோரோ, முடிவெட்டுகிறவர். அந்த வருஷம் உள்ளூர் வானொலிக்காரர்கள் சிறந்த கிழவனுக்கு ஒரு முழுப் பன்றியைப் பரிசாக அறிவித்திருந்தார்கள். எதெல்வினா ஐஸ் ஃபேக்டரி முதலாளியைச் செய்வதாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்து சேருவதற்குள் பாதி உருகிவிடுகிற ஐஸை விற்கிற ஆள் அவர். கொளுத்தும் வெயிலில் கம்பளிக் கோட்டும் கழுத்துத்துணியுமாக உட்கார வைப்பதாக யோசனை. கோட்டை வெட்டியும் வைத்துவிட்டாள். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், சோனேயில் இருக்கும் தம்பிக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று ஆள் வந்தது. கோட்டுத் துணியை நர்சிசாவிடம் கொடுத்தாள்.

"காலர் மட்டும் பார்த்துத் திருப்பு. மத்ததெல்லாம் உனக்குக் கை வந்த வேலைதான்."

"நீங்க போயிட்டு வாங்கக்கா. நான் இருக்கேன்," என்றாள் நர்சிசா.

தம்பிக்குச் சுகமானது. கடைசி நாள் மத்தியானத்துக்குள் திரும்பிவிட வேண்டும், பொம்மையை உட்கார வைக்கிறபோது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எதெல்வினா கிளம்பினாள். சான் விசென்தேயில் படகு ஏறினாள். படகோட்டி பெட்டியை வாங்கி வைத்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். எப்போதும் சிரிக்கிற மனிதர்தான். ஆனால் நடு ஆற்றில் இன்னொரு தடவை திரும்பிப் பார்த்துச் சிரித்தபோது, தன் முகத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறதென்று நினைத்து அவள் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள்.

தெருமுனையில் கூட்டம். சிரிப்புச் சத்தம் ஆற்றங்கரை வரை கேட்டது. ஐஸ்காரர் நன்றாக வந்திருக்கிறார் போல என்று எதெல்வினாவும் சிரித்த முகமாகவே கிட்டே போனாள். அவளைப் பார்த்ததும் முன்னால் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

நாற்காலியில் ஐஸ்காரர் இல்லை. கறுப்பு உடுப்பில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். காலடியில், ஊருக்குப் புதிதாக வந்து இறங்கியவளைப் போல, ஒரு பெட்டி. முகமூடியின் தாடையில், எதெல்வினாவுக்கு இருக்கிற அதே இடத்தில், ஒரு மச்சம். பக்கத்தில் ஒரு காலி நாற்காலி, அதன் மேல் ஆண்பிள்ளைத் தொப்பி. இரண்டுக்கும் மேலே ஓர் அட்டை: "காணவில்லை: செத்துப்போன புருஷன். கண்டுபிடிப்பவர் மணப்பெண்ணிடம் ஒப்படைக்கவும்."

எலியோதோரோவின் கையில் ஒரு கயிறு. அவள் வந்ததைக் கவனிக்காமல் அவர் அதை இன்னொரு தடவை இழுத்தார். பொம்மையின் கறுப்பு உடுப்பு மேலங்கி போல இரண்டாகப் பிரிந்து விலகியது. உள்ளே வெள்ளை உடுப்பு.

கழுத்து சரியாக இருந்தது. கையின் கொசுவம் சரியாக இருந்தது. மணிக்கட்டில் துணி சுற்றிய பொத்தான் வரிசை. இடுப்பில் இடப்பக்கம் துணிப் பூ, ஒரு இதழ் கோணல். சோனே கோயில் வாசலில் நின்றவள் தெருமுனையில் உட்கார்ந்திருந்தாள்.

எதெல்வினா கூட்டத்தில் நர்சிசாவைத் தேடினாள். பின்வரிசையில், ஒரு கையால் மற்றொரு கையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது. இவ்வளவு நேரம் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தவளின் முகம் அது. அந்தப் பூரிப்பு அணைந்துபோக இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

எலியோதோரோ கயிற்றை விட்டார். "தமாஷுக்குத்தான், எதெல்வினாம்மா. வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் மாட்டத்தான செய்றாங்க? ரெண்டு வருஷம் முன்னாடி நீங்க என்னையே செஞ்சு வச்சீங்க. பாதி முகம் சவரம் பண்ணின ஆளை மறந்துட்டு நான் வாயடிச்சிட்டு நிக்கிற மாதிரி. நான் சிரிச்சேனா இல்லையா?"

"சிரிச்சீங்க," என்றாள் எதெல்வினா. "நீங்க வாயடிக்கிறது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிஞ்சதைத்தான் நான் தச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் நர்சிசா வந்து தட்டினாள். கையில் மூடிய பாத்திரம். மீனும் கடலையும் போட்ட குழம்பு. எதெல்வினா கதவைத் திறந்தாள், ஆனால் நிலைப்படியை விட்டு நகரவில்லை.

"வேணும்னு செய்யலைக்கா. கமிட்டியில உக்காந்திருந்தோம். ஐஸ்காரன் பத்தாது, மார்க்கெட் தெருக்காரங்க பெருசா ஏதோ செய்றாங்கன்னு எலியோதோரோ புலம்பிட்டே இருந்தாரு. என் வாயில வந்துருச்சு. வந்ததும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நர்சிசா, நர்சிசான்னாங்க." குரல் இறங்கியது. "இத்தனை வருஷமா பாதித் தையல் நான்தானக்கா போட்டேன். ஒருத்தர் என் பேரைச் சொன்னதில்ல. எல்லாரும் எதெல்வினா கைவேலைம்பாங்க."

"வாயில வந்தது ஒரு நிமிஷம்," என்றாள் எதெல்வினா. "அந்தப் பூவைத் தைக்க உனக்கு அரைநாள் ஆகியிருக்கும்."

நர்சிசா பாத்திரத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "ராத்திரி எரிச்சுட்டா முடிஞ்சுதுக்கா. நாளைக்கு யாருக்கும் ஞாபகமிருக்காது."

"நேத்து வரைக்கும் இந்த ஊர்ல நான் விதவை. நாளைக்கு நான் யாரு? அதைச் சொல்லிட்டுப் போ."

நர்சிசா குழம்பை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள். அங்கேயே ஆறிக் கிடந்து, தெருப்பூனைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. வெடிச்சத்தமும் கூச்சலும் கேட்டபோது எதெல்வினா ஜன்னலைத் திறக்கவில்லை. பரிசுப் பன்றி அவர்கள் தெருவுக்குத்தான் கிடைத்தது.

மறுநாள் யாதிரா வந்தாள். வறுத்த பன்றிக்கறித் தட்டோடு அனுப்பியிருந்தார்கள். அவள் தட்டை வழியிலேயே யார் வீட்டிலோ கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"தெரியாதுன்னு பொய் சொல்ல மாட்டேன், ஞானம்மா. எனக்குத் தெரியும். அந்த வெள்ளை உடுப்பை என் உடம்புல வச்சுத்தான் அம்மா அளவு பார்த்தாங்க. நானும் சிரிச்சேன். சோனேக்கு பஸ் ஏறி வந்து உங்ககிட்ட சொல்லியிருக்கணும், சொல்லலை. எனக்கு நீங்க உடுப்புத் தைக்க வேணாம்."

எதெல்வினா கதவை நன்றாகத் திறந்தாள். "உள்ள வா. தோள்பட்டை இன்னும் ஒருதரம் பார்க்கணும்," என்றாள்.

அந்த உடுப்பை அவள் முடித்துக் கொடுத்தாள். கல்யாணத்துக்கும் போனாள். கோயிலில் நர்சிசா உட்கார்ந்திருந்த பக்கம் உட்காராமல் மாப்பிள்ளை வீட்டார் பக்கம் உட்கார்ந்தாள். அவர்கள் இவளை யார் என்று தெரியாமல், நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

ஊர் மறக்கவில்லை. படகுத்துறையில் "எதெல்வினாம்மா" என்று கூப்பிட்டுச் சீட்டு வாங்கியவர்கள், "மணப்பொண்ணே, ரெண்டு சீட்டு" என்றார்கள். ஒரு கிழட்டு மீன்காரர் தினமும் தொப்பியைக் கழற்றி, "நான் கிடைச்சிட்டேன், ஒப்படைச்சா வாங்கிக்கறியா?" என்பார். அவள் சீட்டைக் கிழித்து நீட்டுவாள். கல்லறைத் திருநாளுக்குக் கொஞ்சம் முன்னால், விதவையர் சபைத் தலைவி அமாதா அம்மா வீட்டுக்கே வந்தார். நல்ல மனுஷி. உட்கார்ந்து காபியைக் குடித்து முடிக்கிற வரைக்கும் வந்த விஷயத்தைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"எனக்கொண்ணும் இல்லம்மா. நீ எப்பவும் எங்ககூட நடந்தவ. மத்தவங்கதான், புருஷனைப் பறிகொடுத்தவங்க வரிசையாச்சேங்கிறாங்க. நீ பின்னாடி, பொதுஜனத்தோட வந்துக்கோ. மெழுகுவத்தி நானே தர்றேன்."

"வேண்டாம்மா, வீட்டுல இருக்கு," என்றாள் எதெல்வினா. அந்த வருஷம் அவள் கல்லறைக்குப் போகவில்லை. உபால்தோ எங்கே இருக்கிறானோ, யாரோடு இருக்கிறானோ, அவளுக்கு அவன்மேல் கோபம் வந்து வருஷங்களாகிவிட்டன. அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தபோது அவனுடைய முகம்கூடச் சரியாக நினைவுக்கு வரவில்லை. நர்சிசாவின் முகம்தான் வந்தது, பின்கட்டில், வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு, "கைக்குக் கொசுவம் வச்சீங்களாக்கா?" என்று கேட்ட முகம். அவன் ஒரே காலையில் போனவன். இவள் வாரா வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனவள்.

அடுத்த டிசம்பரில் எலியோதோரோ வந்தார். தெருவுக்கு ஒரு கிழவன் வேண்டும், மற்றவர்கள் கையில் வேலை சரியாக வரவில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கும் ஒரு முறை பாக்கி இருக்கில்ல? நர்சிசாவைப் பத்தி உங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கு? ஒரு வார்த்தை சொல்லுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்," என்றார்.

தெரு முழுக்க அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தது என்பது அவளுக்கும் தெரியும். சொல்வதற்கு அவளிடம் இருந்தது. நூல் மூன்றுமுறை அறுந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மறக்கவில்லை. ஒரு சட்டைப்பையில் ஒரு சின்னப் பொருளைச் செருகி வைத்தால் போதும், ஊருக்கே புரிந்துவிடும்.

"பழைய சட்டை இருந்தா மரத்தூளை அடைச்சு உக்கார வச்சுக்கோங்க," என்றாள். "நான் தைக்கலை."

நர்சிசா சொன்னது என்னவென்று இன்றைக்கும் தெருவுக்குத் தெரியாது. இங்கேயும் அதைச் சொல்லப்போவதில்லை.

எலியோதோரோ வந்துபோன செய்தி நர்சிசா காதுக்கு எட்டாமல் இருக்குமா? அன்றைக்குச் சாயங்காலமே வாழைக்காய் உருண்டை செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த நிலைப்படியில் அவர்கள் நேருக்கு நேர் நின்றது அப்போதுதான். நர்சிசா மெலிந்திருந்தாள்.

"சொல்லிருவீங்களோன்னு பயமா இருக்குக்கா."

"சொல்ல மாட்டேன்."

நர்சிசா அழுதாள். "அப்போ என்னை மன்னிச்சிட்டீங்களா?"

"இல்ல," என்றாள் எதெல்வினா. "நீ என்கிட்ட சொன்னதுக்கும் நீ எனக்குச் செஞ்சதுக்கும் சம்பந்தமில்ல. அது வேற, இது வேற."

வாழைக்காய் உருண்டைகளைத் தன் தட்டில் மாற்றிக்கொண்டு, பாத்திரத்தைக் கழுவித் துடைத்து நர்சிசாவின் கையில் கொடுத்தாள். உள்ளே கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு டிசம்பரிலும் நர்சிசா ஏதாவது செய்து எடுத்துக்கொண்டு வருவாள். எதெல்வினா வாங்கிக்கொண்டு, பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். நிலைப்படியைத் தாண்டி நர்சிசா ஒருநாளும் போனதில்லை. பாலம் கட்டிப் படகுத்துறையை மூடினபோது இரண்டு பேருக்கும் வயசாகியிருந்தது. கறுப்பை எதெல்வினா விடவில்லை. இனி எதற்கு என்று யாதிரா கேட்டதற்கு, வேறு நிறம் தனக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டாள். பொம்மையையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து தைப்பாள். முன்பு ஒரு மாதத்தில் முடிகிற பொம்மைக்கு இப்போது இரண்டு மாதம் ஆனது. நர்சிசா போட்டுவந்த பாதித் தையலையும் அவளே போட வேண்டியிருந்தது.